பகலில் தூங்குகிறவர் பக்கத்தில் ஓடிய கம்ப்யூட்டர்

கடைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். என் மகள் கௌசல்யாவுக்கும் சேர்த்துத்தான். கடை இப்போது அவள் பொறுப்பு என்றாலும், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற எல்லோரும் எனக்குப் பிள்ளைகள்தான்.

போன வாரம் நான் கடைக்கு வந்தபோது மேஜை மேல் ஒரு கேபினெட் திறந்து கிடந்தது. உங்களில் ஒருவர் அதில் ஆறு ஃபேன் மாட்டியிருந்தீர்கள். ஆறும் உள்பக்கம் பார்த்து ஊதின. மற்றவர்கள் சிரித்தார்கள். "காத்து உள்ள போயி அங்கயே குடியிருக்கப் போவுதாக்கும்?" என்று கௌசல்யா கேட்டாள். நான் சிரிக்கவில்லை. மாட்டியது யார் என்றும் விசாரிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அதே தப்பை நானே செய்திருக்கிறேன், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நான் பத்தாவதோடு நின்றவன். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் நான் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். அந்த மெஷின் ஆள் உயரத்துக்கு வட்டமாக நிற்கும். மேலே நூல் கோன்கள், நடுவில் வளையமாக ஊசிகள், கீழே துணி உருளையாகச் சுற்றிக்கொண்டே வரும். ஊசி மேல் பஞ்சு படிந்தால் துணி கெட்டது. அதனால் மெஷினின் தலைமேல் ஒரு ஃபேன் இருக்கும். அது சுற்றிச் சுற்றி ஊசிகளைப் பார்த்து ஊதும். பஞ்சு எங்கேயோ, அங்கே ஊது. காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். ஆறு மாத ஹார்ட்வேர் கோர்ஸ் முடித்துக் கடை போட்ட பிறகும் அதுதான் கையில் ஊறிக் கிடந்தது.

நம் ஊர்க் கம்ப்யூட்டர்களை வைரஸ் கொன்றதை விடப் பஞ்சு கொன்றது அதிகம். அது உங்களுக்கே தெரியும். மூடியைத் திறந்தால் பிராசஸர் மேல் ஒரு சாம்பல் கம்பளி விரித்திருக்கும். நூல் வாசனை அடிக்கும். அப்போதெல்லாம் ஏசி வைத்த அறைகள் குறைவு.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சித்திரை மாதம். ஒரு புதன்கிழமை காலையில் எம்பிராய்டரி யூனிட் முதலாளி ஒருவர் போன் பண்ணினார். பரம்பரை நெசவுக் குடும்பம். அவர் தலைமுறையில்தான் தறியை விட்டு எம்பிராய்டரிக்கு வந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, மூச்சுக்கு ஒரு முருகா. அவர் யூனிட்டில் டிசைன் போடுவது ஞானசெல்வி. காகிதத்தில் வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் தையலாக மாற்றி ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். மெஷின் அதைப் பார்த்துத் தைக்கும். கேட்கச் சுலபம். ஆனால் யானையின் காதில் தையல் எந்தப் பக்கம் சாய்ந்தால் காது அசைகிற மாதிரித் தெரியும் என்பது அந்த அம்மிணிக்குத்தான் தெரியும். அவர் போட்ட யானையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

ஞானசெல்வியும் அவர் வீட்டுக்காரரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்போது அந்த அம்மிணிக்கு ஏழு மாதம். பஸ்ஸிலும் பைக்கிலும் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், முதலாளி யூனிட் கம்ப்யூட்டரையே நல்லூரில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார். அதில்தான் பிரச்சினை.

"ஏனுங்க, அந்தப் புள்ள கம்ப்யூட்டரைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுதுங்க" என்றார் முதலாளி. "ஊட்டுக்காரன் நிட்டிங்ல ராத்திரி ஷிஃப்டு. பகல்ல இந்தப் பொட்டி பக்கத்துலதான் படுக்கணும். பத்து நாளாத் தூக்கமே இல்லியாமா. மெஷின் பக்கத்துல நின்னுட்டே கண்ணசந்துட்டானாம். ஒரு ரோல் துணி பூராவும் கோடு விழுந்து போச்சு. இன்னொருக்கா இப்பிடின்னா வர வேண்டாம்னுட்டாங்களாமா."

"பொட்டியை வேற எங்காச்சும் வெக்க முடியாதுங்களா?"

"ஒத்தை ரூமுங்க. எங்க வெப்பாங்க? எனக்குக் குழந்தைக பனியன் ஆர்டர் நிக்குது. யானை, மயில், ஆமைன்னு பன்னெண்டு டிசைன். வெள்ளிக்கெழமை மத்தியானம் பொட்டியை எடுக்க வண்டி கொண்டாறேன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லியிருக்கறேன். அதுக்குள்ள ஏதாச்சும் முடியுதான்னு பாருங்க. முடியலீன்னா எடுத்துட்டு வந்துடறேன். முருகன் வுட்ட வழி."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் போனால் ஞானசெல்வியின் வேலை போகும். அவரால் யூனிட்டுக்கு வர முடியாது. கம்ப்யூட்டர் இருந்தால் அவர் வீட்டுக்காரரின் வேலை போகும். குழந்தை பிறப்பதற்கு முன்னால் அந்த வீட்டின் இரண்டு வேலைகளில் ஒன்று போயாக வேண்டும். அதற்குக் காரணம் ஒரு உள்ளங்கை அளவு ஃபேன்.

நான் போனபோது ஞானசெல்வி வாசலிலேயே வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"மெல்லப் பேசுங்கண்ணே. அவுக இப்பத்தான் கண்ணசந்திருக்காவ."

உள்ளே கம்ப்யூட்டர் மேஜையின் காலடியில் பாய் போட்டு அவர் வீட்டுக்காரர் படுத்திருந்தார். கண்ணை மறைத்து ஈரத் துண்டு. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஞானசெல்வி 'அவுக' என்றுதான் சொல்வார், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. அதில் பெயர் தெரியாத ஆள் அவர் ஒருவர்தான்.

கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை சத்தம் ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். நானும் கேட்டேன். கேட்டும் அது என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"ஏனுங்க அம்மிணி" என்று நான் கிசுகிசுத்தேன். "ராத்திரி பூராவும் அத்தனை மெஷினுக்கு நடுவுல நிக்கற மனுசனுக்கு, இந்தச் சின்ன ஃபேனா தொந்தரவு?"

"நானும் அதைத்தாண்ணே கேட்டேன். 'ஒங்களுக்கு ராத்திரிக்கு ஒரு காது, பகலுக்கு ஒரு காதா'ன்னு. பதில் சொல்லக்கூட தெம்பில்ல அவுகளுக்கு."

பெட்டியைக் கழற்றிப் பின்பக்க நடைக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். பஞ்சு அடை அடையாக வந்தது. பக்கத்து வீட்டில் நாலு ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுகிறது. ஜன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் பஞ்சு. சுத்தம் பண்ணிவிட்டு யோசித்தேன். ஒரே ஃபேன் தலைதெறிக்கச் சுற்றுவதால்தானே சத்தம்? நாலு ஃபேன் வைத்தால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும், எல்லாம் மெதுவாகச் சுற்றும்.

இதுவரைக்கும் யோசனை சரி. அதன் பிறகு என் கை, என் மூளையைக் கேட்காமல் வேலை செய்தது. முன்னால் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் ஒன்று. வெளியே இழுத்துக்கொண்டிருந்த பின் ஃபேனையும் கழற்றித் திருப்பி உள்ளே ஊதும்படி மாட்டினேன். நாலும் பிராசஸரைப் பார்த்து ஊதின, நிட்டிங் மெஷினில் ஊசியைப் பார்த்து ஊதுகிற மாதிரி. பஞ்சு உள்ளே வராமல் இருக்க, பையில் இருந்த காட்டன் பனியன் துணியை இரண்டாக மடித்து முன்பக்கம் இழுத்துக் கட்டினேன். பனியன் ஊரில் ஃபில்டருக்கா பஞ்சம் என்று எனக்கே என் மேல் ஒரு மெச்சல். அவர் தூக்கம் கலையாமல் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை, பதினொரு மணிக்குப் போன்.

"அண்ணே, யானை போச்சு."

"என்னங்க அம்மிணி?"

"பாதி யானை போச்சுண்ணே. பொட்டி தானா நின்னுட்டு. அதுக்கு முன்னால போட்ட கூப்பாட்டுல அவுக எந்திரிச்சிட்டாவ."

நான் போனபோது வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். அன்று இரவும் ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டும். மறுநாள் மத்தியானம் வண்டி வந்துவிடும். நன்றாகத் திட்டு வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே, அவர் எதிரிலேயே மூடியைத் திறந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க நிட்டிங்ல இருந்தியளா அண்ணாச்சி?"

"பதினோரு வருசமுங்க. உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"ஃபேன் வச்ச லெச்சணத்துலயே தெரியுதே" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். "நிட்டிங்ல கூரை ஒசரம், நாலு பக்கமும் சன்னலு. ஊதுன காத்து எங்கயாவது போயிரும். இந்தப் பொட்டிக்குள்ள நாலு பக்கமும் ஊதுனா, அது எங்கன போவும்? உள்ள நின்னு வெந்துகிட்டுல்லா கெடக்கும்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதினோரு வருஷம் அந்த ஃபேனின் கீழேயே நின்றவன், அது ஊதிய காற்று எங்கே போகிறது என்று ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞானசெல்வி தன் பங்குக்கு முன்பக்கத் துணியை உரித்தெடுத்தார். ஒரே நாளில் அது பஞ்சு மெத்தை ஆகியிருந்தது. "காட்டனைப் போயி வச்சியளேண்ணே. பஞ்சைத் தடுக்கப் பஞ்சா? இது சும்மா கெடந்தாலே தும்பு விடும்." அலமாரிக்குள்ளிருந்து ஒரு பையை எடுத்தார். விளையாட்டுப் பனியனுக்குப் போடுகிற ஓட்டை ஓட்டையான பாலியஸ்டர் துணி, வெட்டிப் போட்ட துண்டுகள். வாயருகே வைத்து ஊதிக் காட்டினார். மூச்சு அந்தப் பக்கம் தாராளமாகப் போனது. "இதுல பஞ்சு மேலேயே நிக்கும். காலையில ஒரு தட்டு தட்டுனா உதிர்ந்துரும்."

அப்புறம்தான் நான் அன்றைக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. வீட்டுக்காரரிடமே கேட்டேன்.

"ஏனுங்க, இதுல எந்தச் சத்தம் உங்களை எழுப்புது?"

அவர் யோசிக்கவே இல்லை. "சத்தம் என்ன செய்யும் அண்ணாச்சி? சத்தம் மாறும்லா, அதுதான் எழுப்புது."

"புரியலீங்களே."

"நூல் அறுந்தா மெஷினே நின்னுரும். ஊசி ஒடஞ்சா நிக்காது, துணி பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், கோடு விழுந்துகிட்டே இருக்கும். பன்னெண்டு மெஷினுல ஒரு மெஷின் சத்தம் லேசா மாறும். அதைக் காது புடிச்சிரணும். புடிச்சிட்டா கால் தானா அங்க போயிரும், நான் போகணும்னு இல்ல. இந்தப் பொட்டி ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ஏறி எறங்குது. ஒவ்வொரு தடவையும் எங்கயோ ஊசி ஒடஞ்சிட்டுன்னு ஒடம்பு எந்திரிச்சிருது."

"முந்தாநாளு எந்திரிச்சு சன்னல்கிட்ட போயி நின்னாவண்ணே" என்றார் ஞானசெல்வி. "என்ன தேடுதியன்னு கேட்டா, 'எந்த மெஷினு'ங்காவ."

அவர் வெட்கத்தோடு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் யூனிட்டில் எத்தனையோ ஆபரேட்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காதுக்குள் இப்படி ஒரு கருவி இருக்கிறது என்று தெரியாமல், ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

இப்போது வேலை என்ன என்று தெரிந்தது. சத்தத்தை ஒழிக்க வேண்டியதில்லை. மாறாமல் வைக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருந்தது. சூடு ஏறினால் வேகமாகச் சுற்று என்று மதர்போர்டுதான் ஃபேனுக்குச் சொல்கிறது. அதை நிறுத்தி ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால், சித்திரை வெயிலில் சூடு ஏறும்போது காப்பாற்ற எதுவும் இல்லை. ஏறாமலே இருக்கும்படி காற்றுக்கு வழி போட்டாக வேண்டும். தப்பினால் பெட்டி கருகும், மிச்ச யானையும் போகும்.

"நான் கடைக்குக் கொண்டுபோயிப் பாக்கறேனுங்க. நீங்க படுங்க" என்றேன்.

"இங்கனயே பாருங்க. தூக்கம் வருதா இல்லியான்னு சொல்ல வேண்டியவன் நான்தான?" என்று சொல்லிவிட்டு, பாயில் படுத்துத் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டார்.

வெளியே மணி பன்னிரண்டு, அறைக்குள் உலை. நான் ஃபேன்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். அவர் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார். நான் புதிதாக வாங்கி வைத்திருந்த ஒரு ஃபேனைக் கேட்டதுமே, "இதுக்குள்ள மணல் கெடக்கு. இன்னும் ஒரு மாசந்தான் தாங்கும்" என்றார். காதருகே வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

பக்கவாட்டு ஃபேன்கள் இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த ஓட்டைகளை டேப் போட்டு அடைத்தேன். கடைசியில் கேபினெட்டில் இரண்டுதான் மிஞ்சின. முன்னால் கீழே ஒரு பெரிய ஃபேன், பாலியஸ்டர் துணி வழியாக உள்ளே இழுக்க. பின்னால் மேலே ஒன்று, வெளியே தள்ள. குறுக்கே கிடந்த வயர்களை நூலால் கட்டி ஓரம் ஒதுக்கினேன். ஃபேன் வயர்களில் சின்னத் திருகு ரெகுலேட்டர் மாட்டி, பிராசஸர் ஃபேன் உட்பட எல்லாவற்றின் வேகத்தையும் குறைத்து, மாறாமல் நிறுத்தினேன். இரண்டையும் சேர்த்து ஓட்டினதும் துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு வம்பிழுக்குது அண்ணாச்சி."

உற்றுக் கேட்டேன். வ்வூம்... வ்வூம்... என்று ஒரு மெல்லிய அலை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம், ஆனால் சரியாக ஒரே வேகம் இல்லை. பின் ஃபேனை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அலை போய்விட்டது. அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. உள்ளே வருவது கொஞ்சம் அதிகம், வெளியே போவது கொஞ்சம் குறைவு என்றால், இண்டு இடுக்கு வழியாகப் பஞ்சு உள்ளே உறிஞ்சப்படாது. இதை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமை அடிக்க மாட்டேன். அவர் காது சொன்னதைச் செய்தேன், அது பஞ்சுக்கும் சரியாக அமைந்தது.

"இப்ப எப்பிடிங்க?"

"ஃபேன் சரி. தகரமும் கூடச் சேந்து பாடுது."

ஃபேனின் அதிர்வு கேபினெட் தகரத்துக்குப் போகிறது. ரப்பர் வாஷர் கையில் இல்லை. ஞானசெல்வி அதே பையில் கையை விட்டு ஒரு சுருளை எடுத்து நீட்டினார். ஜட்டிக்குப் போடுகிற இடுப்பு எலாஸ்டிக்.

"இதுல தொங்க விட்டா என்னண்ணே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். ஃபேனின் நாலு மூலையையும் எலாஸ்டிக்கில் கட்டி, தகரத்தைத் தொடாமல் தூளி மாதிரித் தொங்கவிட்டோம். தகரம் பாடுவது நின்றது. ஞானசெல்வி கம்ப்யூட்டரில் யானையைத் திறந்து மறுபடியும் வேலையைத் தொடங்கினார். வெயில் உச்சிக்கு வந்தது. நான் பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெதுவெதுப்பான காற்று, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. சூடு ஒரு அளவுக்கு ஏறி அங்கேயே நின்றது.

"இப்பப் பரவாயில்லீங்களா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை.

"ஏனுங்க, இப்ப எப்பிடிங்க?"

பதில் இல்லை. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன், பின் ஃபேனை இன்னும் ஒரு துளி குறைத்துப் பார்க்கலாம் என்று. ஞானசெல்வி என் கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இனி எதையும் தொடாதீங்கண்ணே" என்றார், உதட்டசைவு மட்டும்தான். அவர் கண் கலங்கியிருந்தது. பாயில் துண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவு மெதுவாக ஓடும் ஃபேன் நின்றுபோனால் காதுக்குத் தெரியாதே என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அதை எழுதிக் காட்டினேன். ஞானசெல்வி ஒரு சாண் சிவப்பு நூலை எடுத்துப் பெட்டியின் பின்னால், காற்று வெளியே வரும் இடத்தில் கட்டினார். நூல் படுக்கை வாட்டில் நேராக நின்று நடுங்கியது. தொங்கினால் உடனே அணைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. நூலோடு பிழைக்கிறவர்களுக்கு மீட்டர் எதற்கு?

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு முதலாளி வண்டியோடு வந்துவிட்டார். நான் அதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையிலிருந்தே அவர் குரல் கேட்டது.

"என்ன கண்ணு, எல்லாத்தையும் கட்டி வெச்சுட்டியா?"

ஞானசெல்வி பாய்ந்து போய் வாயில் விரலை வைத்தார். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவது போல் வந்தார். பாயில் தூங்குகிறவரைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். என் காதருகே குனிந்தார்.

"ஆஃப் பண்ணி வெச்சுட்டுத் தூங்க வெச்சா ஆச்சுங்களா? வேலை ஓடோணுமல்லங்க?"

நான் பெட்டிக்குப் பின்னால் கையைக் காட்டினேன். சிவப்பு நூல் நேராக நின்றது. அவர் அதன் முன்னால் விரலை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். ஞானசெல்வி மானிட்டரைப் போட்டார். யானை முழுசாக நின்றது, அதன் பக்கத்தில் ஆமை பாதி முடிந்திருந்தது. முதலாளி மூடி இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அது என்னங்க, ஜட்டி எலாஸ்டிக்கா?"

"ஆமாங்க."

"முருகா" என்றார், மூச்சுக் காற்றில்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் செல்போன் அலறியது. பக்திப் பாட்டு, முழுச் சத்தம். அந்தப் பருத்த மனிதர் போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு ஒரே தாவலில் வாசலைத் தாண்டி ஓடியதை நான் மறக்கவே மாட்டேன். பாயில் கிடந்தவர் விழித்துவிட்டார். துண்டை விலக்கி ஒரு கண்ணால் பார்த்தார். பாட்டு தெருப்பக்கம் போய் அடங்கியது. பெட்டி மட்டும் அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தது, எந்த ஊசியும் உடையவில்லை என்று. அவர் துண்டை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதலாளி உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே ஞானசெல்வியிடம் கையை நீட்டினார், ஃபிளாப்பிக்கு. வாங்கிக்கொண்டு வண்டி டிரைவரிடம் போனார். "காலியாவே திருப்பப்பா" என்றார். "ஹாரன் கீரன் அடிச்சீன்னா எறக்கி வுட்டுட்டுப் போயிருவேன்."

பன்னிரண்டு டிசைனும் முடிந்தது. வீட்டுக்காரரின் வேலையும் போகாமல் தப்பியது.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகளைத் திறந்துவிட்டேன். திறப்பதற்கு முன்னால் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் தூங்குகிறார்கள், அவர்களுக்கு எது தொந்தரவு என்று கேட்காமல் ஸ்க்ரூவில் கை வைத்ததில்லை. புதன்கிழமை அவர் அங்கேயேதான் படுத்திருந்தார். விழித்த பிறகு வந்து கேட்டிருந்தால் பாதி யானை பிழைத்திருக்கும். ஆறு ஃபேன் மாட்டிய பிள்ளை யாரோ, அவர் வருத்தப்பட வேண்டாம். காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு பெட்டிக்குள்ளேயே முட்டி நின்றால் ஃபேன் அதிகம். நான் இழுக்கவில்லை, ஒரு தூக்கமில்லாத மனிதர்தான் எனக்காக இழுத்துக் காட்டினார்.

இன்னும் ஒன்று பாக்கி.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலை பத்து மணி இருக்கும். கடைக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, ஞானசெல்வி வீட்டுக்காரரு பேசுதேன்."

"சொல்லுங்க. பொட்டி நின்னு போச்சுங்களா?"

"நான்தான் போடாம வச்சிருக்கேன். அவ பிரசவத்துக்கு ஊருக்குப் போயிட்டா. மொதலாளி, திரும்பி வாரது வரைக்கும் பொட்டி அங்கனயே இருக்கட்டும்னுட்டாரு." குரல் இறங்கியது. "மூணு நாளாத் தூக்கம் இல்ல அண்ணாச்சி."

"ஏனுங்க? பொட்டிதான் ஓடலியே."

"அதாம்லா. அது ஓடலன்னதும் பக்கத்து வீட்டு ஓவர்லாக்கு ஓடுதது, நிக்கது, ஓடுதது, நிக்கது எல்லாம் கேக்குது. ஒவ்வொண்ணுக்கும் எந்திரிக்கேன்." குரல் இன்னும் இறங்கியது. "நான் அதைத் தொட்டதே இல்ல. எதை அமுக்கணும்?"

"முன்னால பெருசா ஒரு பட்டன் இருக்குமுங்க. அதை மட்டும் அமுக்குங்க. மானிட்டர் வேண்டாம்."

நகரும் சத்தம் கேட்டது. ஒரு சின்ன 'பிப்'. அப்புறம் ஒன்றும் இல்லை.

"பின்னால நூல் நேரா நிக்குதுங்களா, பாருங்க."

"நிக்குது அண்ணாச்சி" என்றார். பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. "நேரா நிக்குது."

நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் சீராக ஏறி இறங்கும் மூச்சு மட்டும் கேட்டது. போனை அவர் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் வைத்தேன், சத்தம் வராமல்.